ரீசார்ஜ் பண்ணலைன்னா பேர் போயிடும்!

வளையமாதேவி என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டது 2023 ஜூலையில்தான். பச்சைப்பசேல் என்று நின்ற நெற்பயிருக்கு நடுவில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்தோம். நெய்வேலி இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வேலை. 'நிலத்தை 2006 முதல் 2013 வரை எடுத்தாயிற்று, பணம் கொடுத்தாயிற்று, பயிர் வைக்காதீர்கள் என்றும் சொல்லியாயிற்று' என்றது என்.எல்.சி. 'உழுது நட்டு வளர்ந்து நிற்கிற பயிரய்யா' என்றார்கள் ஊர்க்காரர்கள். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்தது. ஆகஸ்ட் மாதம், ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம்.

அந்தச் சண்டையில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது இந்த வாரக் கட்டுரை அல்ல. ஆனால் அந்த ஊரில் ஓர் இரவு தங்கியபோது நான் பார்த்த இன்னொரு அறுவடையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

கல்லூரிக் காலத்து நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து அவர் வண்டியில் ஊருக்கு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று. உள்ளே நண்பரின் மகன் லேப்டாப்பின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். இன்ஜினீயரிங் முடித்தவன். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை.

"என்னப்பா இந்நேரத்துக்கு?" என்றேன்.

"ரினியூவல் மாமா. இன்னிக்கு 31 பேருக்குத் தேதி முடியுது. பேலன்ஸ் 18 பேருக்குத்தான் இருக்கு."

ஏதோ ரேஷன் கடைக் கணக்கு மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பையன் பொறுமையாகச் சொன்னான். சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கியது.

விஷயம் இதுதான். அவன் கம்பெனி எழுநூற்றுச் சொச்சம் டொமைன் பெயர்களைப் பராமரிக்கிறது. டொமைன் என்றால் கடை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் போடுகிறோமே, டாட் காம், டாட் இன், டாட் ஓஆர்ஜி என்று முடிகிற இணையப் பெயர். நகைக்கடை, மருத்துவமனை, பாலிடெக்னிக், ஏற்றுமதி கம்பெனி, ஒரு கோயில் திருப்பணிக் குழு, ஒரு கிராமத்துப் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் என்று எல்லாம் கலந்த கட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேதியில் கெடு. கெடுவுக்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து போகிறது? கம்பெனி, தனக்கு மேலே இருக்கும் ரிஜிஸ்ட்ராரிடம் ஒரு முன்பணக் கணக்கு வைத்திருக்கிறது. நம்ம செல்போன் ப்ரீபெய்டு மாதிரியேதான். பணம் போட்டு வைத்தால் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். பணம் தீர்ந்தால் புதுப்பிப்பும் நின்றுவிடும்.

"கஸ்டமர் பணம் கட்டலையா?"

"எல்லாரும் கட்டிட்டாங்க மாமா. போன ஏப்ரல்லயே மொத்தமா பில் போட்டு வாங்கிட்டாங்க. முதலாளி அந்தக் காசை வேற எதுக்கோ திருப்பிட்டாரு. 'எது முக்கியம்னு நீயே பாத்துப் போடு'ன்னு வாட்ஸ்அப்ல சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாரு."

அவன் போட்டான். நகைக்கடை, மருத்துவமனை, ஏற்றுமதி கம்பெனி என்று 18 பெயர். பதின்மூன்று பெயர் நின்றன. அதில் அந்தக் கிராமத்துப் பள்ளியும் ஒன்று.

"ஏன் அதை விட்டுட்டே?"

"நகைக்கடைக்காரர் காலைல எட்டு மணிக்குப் போன் பண்ணிக் கிழிப்பாரு. பள்ளிக்கூடத்துல யாரும் திட்ட மாட்டாங்க மாமா."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையே. திட்டத் தெரிந்தவன் பெயர் நிலைக்கும். திட்டத் தெரியாதவன் பெயர் நிற்காது. ஆற்றுக்கும் இதே விதி, இணையத்துக்கும் இதே விதி!

முதலில் ஒரு தவறான நினைப்பை உடைத்துவிடுவோம். 'நான் டொமைன் வாங்கியிருக்கேன் சார்' என்று பெருமையாகச் சொல்கிறோம் அல்லவா? யாரும் வாங்குவதில்லை. அது குத்தகை. அதுவும் அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு. 15 கோடிக்கும் மேல் டாட் காம் பெயர்கள் உலகத்தில் இருக்கின்றன; ஒன்றுக்குக்கூட பட்டா கிடையாது. வெள்ளைக்காரன் 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு ஒரு ஏற்பாடு செய்தான். குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் கிஸ்தி வந்து சேரவில்லையா, எஸ்டேட் ஏலம். பரம்பரை, பாத்தியதை, வெள்ளம், வறட்சி எந்தச் சமாதானமும் செல்லாது. சூரியாஸ்தமனச் சட்டம் என்றே அதற்குப் பெயர். இணையப் பெயருக்கு இன்றைக்கும் நடப்பது ஏறக்குறைய அதே சட்டம்தான். கொஞ்சம் தவணை தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தவணைக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். டாட் காம் மாதிரியான பெயர்களுக்குக் கெடு முடிந்த பிறகு, விற்றவரைப் பொறுத்து, நாற்பத்தைந்து நாள் வரை பழைய விலையிலேயே புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. அதற்குள் தளமும் மின்னஞ்சலும் நின்றுவிடலாம். அதுவும் போனால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது அபராதம் பல மடங்கு. அப்புறம் ஐந்து நாள் யாரும் தொட முடியாது. ஆறாவது நாள் பெயர் சந்தைக்கு வந்துவிடும். அந்த நொடிக்காகவே ப்ரோக்ராம் எழுதிவைத்துக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்பே ஏலம் விடுகிற வியாபாரிகளும் உண்டு.

'எச்சரிக்கை அனுப்ப மாட்டார்களா?' அனுப்புவார்கள். உலகளவில் இந்தப் பெயர்களை மேய்க்கும் ஐகான் அமைப்பு 2013-ல் விதியே போட்டிருக்கிறது. கெடுவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று, புதுப்பிக்காவிட்டால் முடிந்து ஐந்து நாளுக்குள் இன்னொன்று. ஆனால் அந்தக் கடிதம் யாருக்குப் போகும்? பதிவில் யார் மின்னஞ்சல் இருக்கிறதோ அவருக்கு. நம்மூரில் பெரும்பாலும் அது வெப்சைட் செய்துகொடுத்த பையனுடைய மின்னஞ்சல். அவன் வேலை மாறி ஓசூர் போயிருப்பான். இன்னும் கொடுமை, சில இடங்களில் அந்த மின்னஞ்சலே அதே டொமைனில் இருக்கும். பூட்டின வீட்டுக்குள்ளேயே சாவி!

இதில் என் சொந்த அனுபவமும் உண்டு. நானும் சில நண்பர்களும் ஒரு சிறு பத்திரிகையை இணையத்தில் நடத்தினோம். பத்து வருஷக் கட்டுரைகள். பெயரைப் பதிவு செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். எங்களிடம் வருஷா வருஷம் பணம் வாங்கிக்கொண்டார், ரசீதும் கொடுத்தார். ஒரு நாள் கடையை மூடிவிட்டார். அறிவிப்பெல்லாம் அவருடைய செத்துப்போன மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது எப்படி? வாசகர் ஒருவர் போன் பண்ணி, 'என்ன சார், சூதாட்டத்துல இறங்கிட்டீங்களா?' என்றார். திறந்து பார்த்தால் எங்கள் பெயரில் ரம்மி விளம்பரம். என் மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த முகவரியைப் போட்டிருந்தேன்!

இதெல்லாம் நம்மூர் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியே பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயருக்குப் பணம் கட்ட மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் ப்ரோக்ராமர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அந்தப் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தார். அது சிரித்துவிட்டுப் போகிற கதை. இன்னொன்று சிரிக்க முடியாத கதை. 2016 ஜூனில் அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்கு வீடியோ மூலம் தொலைபேசிச் சேவை தரும் சொரன்ஸன் என்ற நிறுவனம் ஒரு டொமைனைப் புதுப்பிக்கத் தவறியது. அந்தச் சேவையை நம்பியிருந்தவர்களால் அவசர உதவிக்கான 911-ஐக்கூட அழைக்க முடியவில்லை. கடைசியில் நிறுவனம் அபராதமும் திருப்பிச் செலுத்தியதுமாக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கட்டியது. மறந்தது சில டாலர்தான்.

வளையமாதேவி வீட்டில் நான் பார்த்ததற்கு நேர் அண்ணன் ஒன்றும் உண்டு. ரிஜிஸ்டர்ஃப்ளை என்று அமெரிக்காவில் ஒரு பதிவு நிறுவனம். லட்சக்கணக்கான பெயர்களைக் கையில் வைத்திருந்தது. வாடிக்கையாளரிடம் புதுப்பிப்புப் பணம் வாங்கும். மேலே கட்டவேண்டிய இடத்தில் கட்டாது. பணம் கட்டியவர்கள் பெயர் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2007-ல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்து, மிச்சப் பெயர்களை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியது. அதன் பிறகுதான் ஒப்பந்த விதிகளை இறுக்கினார்கள். ஆனால் இறுக்கியது ரிஜிஸ்ட்ராரைத்தான். அவருக்குக் கீழே, அவரிடம் முன்பணம் கட்டி, நமக்குச் சில்லறையாக விற்கிறாரே ஊர் ஏஜென்ட், அவருடைய கல்லாவுக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

இந்த முன்பண முறையில் இருக்கிற சூட்சுமத்தைக் கவனியுங்கள். முன்பணம் என்பது தப்பில்லை. சொல்லப்போனால் அது பாதுகாப்பு. இந்தியாவில் கார்டை மட்டும் நம்பி 'ஆட்டோ ரினியூவல்' போட்டுவிட்டுத் தூங்க முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி, கார்டில் மாதா மாதம் வருஷா வருஷம் தானாகக் கழிக்கிற பணத்துக்குத் தனி அனுமதி வேண்டும், 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று ஆக்கியது. ஓ.டி.பி. இல்லாமல் கழிக்கும் வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000. நல்ல விதி, நம் பணத்தைக் கேட்காமல் எடுப்பதைத் தடுத்த விதி. ஆனால் பல வெளிநாட்டுக் கடைகள் அந்த ஏற்பாட்டுக்கு மாறவில்லை. 'ஆட்டோ ரினியூவல் ஆன்' என்று பச்சை விளக்கு எரியும், பணம் போகாது. ஆகவே நிறையப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு முன்பணக் கணக்கே வசதி.

கோளாறு எங்கே என்றால், அந்தக் கணக்கு ஒரே உண்டியல். நீங்கள் கட்டிய ஆயிரம், நான் கட்டிய ஆயிரம் எல்லாம் ஒரே பானை. ஒரே நாளில் நிறைய பெயருக்குக் கெடு வந்தால், முன்னால் வரிசையில் நின்றவன் பெயர் பானையைக் காலி செய்துவிடும். பின்னால் நின்றவன் பெயருக்கு 'இருப்பு போதவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியை நீங்கள் பார்க்க முடியாது, ஏஜென்ட்தான் பார்ப்பார். அவருக்கு அவசரம் இல்லை. ஏனென்றால் சலுகை நாள்கள் இருக்கின்றனவே! கெடுவுக்குப் பிந்திய அந்தச் சலுகை நாள்களை, உங்களிடம் கேட்காமலே உங்களிடம் வாங்கிய வட்டியில்லாக் கடனாக அவர் ஓட்டிக்கொள்கிறார். பெயர் உங்களுடையது, பணம் உங்களுடையது, ரிஸ்க்கும் உங்களுடையது. சுழற்சி மட்டும் அவருடையது. சீட்டுக் கம்பெனிக்காரர்கள் தோற்றார்கள் போங்கள்.

'ஆயிரம் ரூபாய் சமாசாரத்துக்கு இவ்வளவு கூப்பாடா? போனா வேற பேர் வாங்கிக்கிட்டுப் போறது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவரே சொன்னார். அவரிடம் நான் கேட்டது இதுதான். உங்கள் வீட்டு நம்பர் நாளைக்கு மாறி, பழைய நம்பரில் ஒரு சாராயக் கடை வந்தால், உங்களைத் தேடி வருகிற சம்பந்தி எங்கே போய் நிற்பார்? பெயர் போனால் பெயர் மட்டும் போவதில்லை. அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சல் புது ஆளுக்குப் போகும். அந்த மின்னஞ்சலை வைத்து உங்கள் பழைய கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற முடியும். புத்தகத்தில் அச்சிட்டது, சுவரில் எழுதியது, நோட்டீஸில் போட்டது எல்லாம் அடுத்தவனுக்கு இலவச விளம்பரம். நம் சுப்ரீம் கோர்ட்டே 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், இணையப் பெயர் வெறும் விலாசம் இல்லை, வணிகச் சின்னத்தின் குணம் உள்ளது என்று சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குத் தெரிந்தது நம்ம கரஸ்பாண்டென்டுக்குத் தெரியவில்லை.

'தெரியாதவங்க ஏமாறத்தான் செய்வாங்க, அவங்கதான் உஷாரா இருக்கணும்' என்பது இன்னொரு வாதம். இந்த வாதத்தைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுநூறு பெயரைக் கையில் வைத்திருக்கிற கம்பெனி உஷாராக இருக்க வேண்டாமாம், ஒரே ஒரு பெயர் வைத்திருக்கிற பள்ளிக்கூடத்து ரிட்டயர்ட் வாத்தியார் உஷாராக இருக்க வேண்டுமாம்! எங்கே நோட்டீஸ் கொடுத்தோம் என்பது மட்டும் கேள்வி இல்லை. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பதும் கேள்வி.

அரசாங்கத்தையும் விட முடியாது. அரசுத் தளங்கள் டாட் கவ் டாட் இன், டாட் நிக் டாட் இன் பெயர்களில்தான் இருக்க வேண்டும் என்று 2009-லேயே மத்திய அரசு வழிகாட்டு நெறி கொடுத்தது. அந்தப் பெயரை வெளியாள் வாங்க முடியாது; கெடு முடிந்தாலும் சூதாட்டக்காரன் கைக்குப் போகாது. ஆனால் ஒரு மாநாடு, ஒரு விழா, ஒரு விழிப்புணர்வு இயக்கம் என்றால் உடனே காண்டிராக்டர் மூலம் ஒரு டாட் காம் அல்லது டாட் ஓஆர்ஜி. டெண்டர் ஒரு வருஷத்துக்கு. விழா முடிந்ததும் காண்டிராக்டரும் போய்விடுவார், பெயரும் போய்விடும். போஸ்டர் மட்டும் சுவரில் இருக்கும். வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டது. 2025-ல் டாட் பேங்க் டாட் இன் என்று வங்கிகளுக்கு மட்டுமேயான பெயரைக் கொண்டுவந்து, அக்டோபர் 31-க்குள் மாறச் சொன்னது. பணத்துக்குச் செய்ததைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஞ்சாயத்துக்கும் ஏன் செய்யக் கூடாது?

திட்டிவிட்டுப் போவது சுலபம். செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

1. பெயர் உங்கள் சங்கத்தின், பள்ளியின், கடையின் பெயரிலேயே பதிவாக வேண்டும். ஏஜென்ட் பெயரில் பதிவு என்றால், நீங்கள் கட்டியது வாடகைக்கு வாடகை. இன்றைக்கே கேட்டு மாற்றுங்கள்.

2. பதிவில் கொடுக்கும் மின்னஞ்சல் வேறு இடத்தில் இருக்கட்டும். ஒருவருடையதாக இல்லாமல் செயலாளர், பொருளாளர் இரண்டு பேர் பார்க்கிறதாக இருக்கட்டும்.

3. முக்கியமான பெயருக்கு வருஷா வருஷம் கட்டாதீர்கள். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ சேர்த்துக் கட்டுங்கள். கட்டிய பிறகு ஏஜென்ட் ரசீதை நம்பாதீர்கள். புதுக் கெடுத் தேதியைப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேதி தள்ளிப் போயிருந்தால்தான் பணம் போய்ச் சேர்ந்தது.

4. ஏஜென்ட் கம்பெனிகளே, வாடிக்கையாளரின் புதுப்பிப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். அடுத்த 60 நாள் கெடுவுக்குத் தேவையான தொகையைவிட இருப்பு குறையும்போதே மணி அடிக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு ஒரு பையன் தலையில் அதைக் கட்டாதீர்கள். இதை ஒப்பந்தத்தில் எழுதித் தராத ஏஜென்டிடம் வாங்காதீர்கள்.

5. ஒரு பெயரை விட்டுவிட முடிவு செய்தால், யார் முடிவு செய்தது, ஏன் என்று எழுதி வையுங்கள். மௌனமாக எந்தப் பெயரும் சாகக் கூடாது. பொதுப் பணத்தில் வாங்கி ஜனங்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த பெயர் என்றால், திட்டம் முடிந்தாலும் பெயரை விடவே கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு மானம் வேறெங்கும் கிடைக்காது.

மறுநாள் காலை கிளம்பும்போது பையன் தெரு முனை வரை வந்தான். ராத்திரி தூங்கியிருக்க மாட்டான் போலிருக்கிறது.

"அந்தப் பள்ளிக்கூடத்தை நானே போட்டுட்டேன் மாமா. என் காசு. ஆயிரத்துச் சொச்சம்தான்."

"மிச்சம் பன்னண்டு?"

பதில் சொல்லவில்லை. தூரத்தில் சுரங்கத்து மண்மேடு தெரிந்தது. வளையமாதேவியில் பயிர் போனதையும் வலையில் பெயர் போவதையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்கு நான் மடையன் இல்லை. சோறு சோறுதான், பெயர் பெயர்தான். ஆனால் அங்கே இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது, கேள்வி கேட்டது, நீதிமன்றம் தொகை சொன்னது. அந்தப் பன்னிரண்டு பெயருக்குச் சொந்தக்காரர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பணம் கட்டிவிட்ட நிம்மதியில்.

நீங்கள் கட்டிவிட்டீர்கள்தானே? எதற்கும் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு தடவை தேதியைப் பார்த்துவிடுங்கள்.